சேம்புத் தமையனும் கூழ்ப் பானையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வருகிற ஆடிப்பிறப்பன்று வாசிகசாலை முற்றத்தில் நமது ஆடிக்கூழுடன் ஹவாய்த் தீவு மக்களின் உணவு சிலவற்றையும் ஆக்கி, அவர்களுடைய பழங்கதைகளையும் சொல்லி, ஊரவருடன் பகிர்ந்துகொள்வதென்று சங்கத்தில் தீர்மானித்திருக்கின்றோம். தீர்மானம் வெளிவந்த நாள் முதலாக நம்மை வழியிற் கண்டவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "இந்து வாலிபருக்கும் ஹவாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. விடை சொல்வது நமது கடன்.

விடை கொழும்புத்துறையிலே தொடங்குகிறது. 1949ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிற் பிறந்த இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் சிவயோக சுவாமிகளைத் தேடி அவருடைய குடிலுக்கு வந்தார். சுவாமிகள் அவரை ஏற்றுக்கொண்டு சுப்பிரமுனிய என்ற பெயரையும் வழங்கினார்கள். அவர் சில காலம் நம்மிடையே தங்கினார். அளவெட்டியில் அவர் பெயரால் ஓர் ஆச்சிரமம் உண்டாயிற்று. பின்னர் அமெரிக்கா திரும்பி, 1970ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுக் கூட்டத்திலே கவாயி என்னும் தீவில், வைலுவா ஆற்றங்கரையில், சைவ மடம் ஒன்றை நிறுவினார். சற்குரு சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் என்று உலகம் அறிந்த அப்பெரியார் 2001ஆம் ஆண்டு நவம்பரிற் சமாதியடைந்தார். அவர் எண்ணிய இறைவன் கோயிலுக்கான கருங்கற்களைப் பெங்களூருக்கு அண்மையில் சிற்பிகள் கையுளியாற் செதுக்கினார்கள். கற்கள் கப்பலேறிச் சென்று கோயிலாகி, 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கும்பாபிஷேகமும் நிறைவேறியது. நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமிகளிடம் யோகர் சுவாமிகள் பெற்றது, பசிபிக் சமுத்திரத்தின் நடுவே இன்று பூசை மணியாய் ஒலிக்கிறது.

சமயம் மாத்திரம் போகவில்லை, சமையலும் போயிருக்கிறது. அந்த மடத்தார் ஆங்கிலத்தில் வெளியிட்ட மரக்கறிச் சமையற் புத்தகத்தில் யாழ்ப்பாண முறைக் கறிகள் இடம்பெற்றிருக்கின்றன. நமது அடுக்களையின் தூளும் தேங்காய்ப்பாலும் அவர்களுடைய அடுக்களையைச் சேர்ந்துவிட்டன. அங்கிருந்து நமது ஊருக்கு வந்த உணவு எது? நாம் அறிந்த ஹவாய்க் கதை எது? ஒன்றைத்தானும் சொல்ல முடியாது. ஹவாய் என்றவுடன் படக்காட்சியிற் கண்ட பூமாலையும் இடுப்பாட்டமும் நினைவுக்கு வருகின்றன. உல்லாசப் பிரயாணிகளுக்காகக் கட்டிய வேடத்தை அம்மக்களின் வாழ்வென்று எடுத்துக்கொள்வது, காவடியாட்டத்தின் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சைவம் இதுதான் என்று சொல்வதை ஒக்கும்.

அவர்களுடைய உணவில் முதலிடம் பெறுவது சேம்பு. 'கலோ' என்பது அவர்கள் மொழியில் அதன் பெயர். இது ஆசியாவின் நமது பக்கத்து நிலங்களிலே தோன்றிய பயிர். கடலோடிகள் தலைமுறை தலைமுறையாய்த் தீவுக்குத் தீவு கொண்டுபோய், இறுதியில் இரட்டைத் தோணிகளில் ஹவாய் வரை சேர்த்தார்கள். அதே தோணிகளில் மஞ்சளும் கரும்பும் வாழையும் தென்னையும் சென்றன. ஈரப்பலாவோ எதிர்த்திசையில் வந்தது. பசிபிக் தீவுகளின் அந்த மரத்தை ஐரோப்பியர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே நாம் முன்பின் அறியாதவர்களல்லர். ஒருவர் வளவுப் பயிரை மற்றவர் வளவிலே வைத்து உண்கிறோம். அதைப் பேசாதிருந்தோம், அவ்வளவுதான்.

நிலத்தில் மட்டும் பெரிய வேற்றுமையுண்டு. கவாயித் தீவின் நடுவிலுள்ள வையாலேயாலே மலை உலகிலே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. நமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. கிணற்றை நம்பிச் சீவிக்கிறோம். ஆயினும் தண்ணீரின் அருமையை அவர்களும் அறிந்திருந்தார்கள். 'வை' என்றால் அவர்கள் மொழியில் நன்னீர். 'வைவை' என்று இரட்டித்தாற் செல்வம். துலா மிதித்த பரம்பரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிழங்கை நன்றாக அவித்துத் தோலுரித்து, மரப்பலகையில் வைத்துக் கல்லுலக்கையால் இடித்துப் பசையாக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்தால் வருவதே அவர்களுடைய நாளாந்த உணவு. அதன் பெயர் 'பொய்'. சிரிக்க வேண்டாம், உண்டவருக்கு அது மெய்தான். அன்றாடம் குழைத்தது சற்று இனிக்கும்; இரண்டு மூன்று நாளிற் புளிக்கும். புளித்ததைப் பலர் விரும்பி உண்பார்கள். பழஞ்சோற்றின் அருமை அறிந்தவர்களுக்கு அதுவும் விளங்கும். பதத்தை விரலால் அளக்கிறார்கள்: கட்டியாயின் ஒரு விரல், இளகினால் இரு விரல், தண்ணீராயின் மூன்று விரல். கரண்டி வேண்டியதில்லை.

இந்தச் சேம்பைப் பற்றி அவர்கள் சொல்லும் கதையைக் கேளுங்கள். வானத் தந்தையாகிய வாக்கேயாவுக்கும், விண்மீன்களை வானிற் பதித்த ஹோஹோகூகலானி என்பவளுக்கும் தலைப்பிள்ளை உயிரின்றிப் பிறந்தது. வீட்டருகே புதைத்தார்கள். புதைத்த இடத்திலே, நீண்ட காம்பும் காற்றில் நடுங்கும் இலையுமாக ஒரு செடி முளைத்தது. அதுவே முதற் சேம்பு. பின்னர் இரண்டாம் பிள்ளை உயிரோடு பிறந்தது. அதற்கு ஹாலோவா என்று மூத்தவன் பெயரையே இட்டார்கள். அந்த இரண்டாம் பிள்ளையின் வழிவந்தவர்கள்தாம் ஹவாய் மக்கள். ஆகவே சேம்பு அவர்களுக்குத் தமையன். தம்பி தமையனைப் பேணித் தண்ணீர் விட வேண்டும். தமையன் தம்பிக்குச் சோறு போடுவான்.

பனையை நாம் கற்பகதரு என்கிறோம். கற்பகம் கேட்டதைக் கொடுக்கும்; கொடுப்பதற்கே இருப்பது அது. அதற்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியதென்ன என்று யாரும் கேட்பதில்லை. தமையன் என்று சொல்லிவிட்டாலோ கடமை வந்துவிடுகிறது. போர்க்காலத்தில் எத்தனை பனைகள் காவலரணுக்காகத் தறிபட்டன என்பதை இங்கிருக்கும் முதியோர் கண்ணாற் கண்டவர்கள். அவற்றுக்குப் பதிலாக எத்தனை வடலியை வளர விட்டோம்? சேம்பின் பக்கக் கன்றை அவர்கள் 'ஓஹா' என்பார்கள். குடும்பத்துக்கு 'ஓஹானா' என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது. 'வாழையடி வாழை' என்று நாம் வாழ்த்துவதும் இதே காட்சியைக் கண்டுதான்.

இன்னொரு வழக்கத்தைச் சொல்லாமல் அப்பாற் போக முடியாது. பொய்க் கலயம் நடுவிலே திறந்து வைக்கப்பட்டிருக்கும் வேளையில் எவரும் சண்டையிடக் கூடாது, கடுஞ்சொல்லும் ஆகாது. தமையன் சபையில் இருக்கிறான் என்பது காரணம். குடும்ப வழக்கைத் தீர்க்க முடியாதவர்கள் கலயத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பேசினால் நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது. நம்மூர்க் காணி வழக்குகளுக்கு எத்தனை கலயம் வேண்டுமோ தெரியாது.

எரிமலைக்குத் தெய்வமாக அவர்கள் கொண்ட பேலே அம்மையின் கதை மற்றொன்று. அவள் கடல் கடந்து வந்து, கவாயித் தீவில் முதலிற் குழி தோண்டினாள், தண்ணீர் புகுந்தது. அடுத்தடுத்த தீவுகளிலும் தோண்டித் தோண்டி, தென்கிழக்குக் கடைசியிலுள்ள ஹவாய்த் தீவின் கிலவேயா எரிமலையிலே குடிகொண்டாள். கவாயி மூத்த தீவு, ஹவாய் இளைய தீவு என்று இன்றைய புவியியலாளர் சொல்லும் வரிசையும் இதுவே. அந்த அம்மை கிழவி வேடத்தில் வந்து உணவு கேட்பாளாம். ஈரப்பலாக்காய் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம் ஒருமுறை கேட்டாள். ஒருத்தி இல்லையென்றாள்; மற்றவள் பகிர்ந்து கொடுத்தாள். அன்றிரவு எரிமலைக் குழம்பு இறங்கிவந்தபோது கொடுத்தவளின் வீட்டை விலகிச் சென்றது. நமது பெரியபுராணத்திலே இளையான்குடிமாற நாயனார் மழையிரவில் வந்த அடியாருக்காக, விதைத்த நெல்லை வயலில் வாரி வந்து அமுதாக்கிய வரலாற்றைச் சிறுவயதிற் படித்திருக்கிறோம். வந்தவர் எந்த ஊர், எந்தக் குலம் என்று நாயனார் கேட்டதாக அங்கே இல்லை.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

பழைய ஹவாயில் உணவைப் பற்றிய கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது. ஆணும் பெண்ணும் ஒருமித்து உண்ணக் கூடாது. உலையும் வேறு, குடிலும் வேறு. தேங்காயும் பெரும்பாலான வாழைப்பழ வகைகளும் பன்றியிறைச்சியும் பெண்களுக்கு விலக்கு. மீறினால் உயிருக்கே மோசம். 1819ஆம் ஆண்டு மே மாதத்தில் கமேஹமேஹா என்ற பேரரசர் இறந்தார். மகன் லிஹோலிஹோ பட்டத்துக்கு வந்தான். அவனுடைய தாயும், காஹுமானு என்னும் சிற்றன்னையும் இக்கட்டு ஒழிய வேண்டும் என்று நின்றார்கள். அவ்வாண்டு நவம்பரில் கைலுவா என்ற ஊரில் விருந்து நடந்தது. ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு ஒரு மேசை. அரசன் இரண்டையும் சுற்றிச் சுற்றி நடந்தான். பின்பு பெண்களின் மேசையில் இருந்து உண்ணத் தொடங்கினான். அத்தோடு தலைமுறை தலைமுறையாய் நின்ற கட்டு அறுந்தது. ஒரு சாசனமும் எழுதவில்லை. இருந்து உண்டான், அவ்வளவே.

ஆனால் அதன் விலையையும் சொல்ல வேண்டும். பழைய முறையைக் காக்க அரசனின் உறவினர் ஒருவர் படை திரட்டினார். டிசம்பரில் குவாமோ என்ற இடத்தில் நடந்த போரில் அவரும் அவர் பக்கத்திலே நின்ற மனைவியும் மாண்டார்கள். உணவுக் கட்டோடு கோயில்களையும் அரசன் இடிக்கச் சொன்னான். திருவுருவங்கள் தீயில் வீழ்ந்தன. நாலைந்து மாதம் கழித்து, 1820ஆம் ஆண்டு ஏப்ரிலில் அமெரிக்க மிஷனரிமாரின் கப்பல் கரை சேர்ந்தபோது அங்கே எதிர்த்துச் சொல்லப் பூசகர் வரிசை இருக்கவில்லை.

அந்த மிஷனரிமார் யார்? நமக்கு அந்நியரல்லர். 1816ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டவர்களை அனுப்பிய அதே பொஸ்டன் சங்கந்தான் அவர்களையும் அனுப்பியது. வட்டுக்கோட்டையிலே 1823இல் செமினரி. லஹைனாலுனாவில் 1831இல் செமினரி. அங்கே 1834இல் ஹவாய் மொழிப் பத்திரிகை. இங்கே 1841இல் உதயதாரகை. ஒரு கையால் நட்ட இரண்டு நாற்று. பின்னர் விளைந்தது மாத்திரம் வேறுபட்டது. காஹுமானு கிறிஸ்தவளானபின் 1830இல் ஹூலா நடனத்தைத் தடுத்தாள். 1883இல் கலகாவா மன்னன் தன் முடிசூட்டு விழாவில் அதனை மீண்டும் பகிரங்கமாய் ஆடச் செய்தான். 1893இல் அரசே கவிழ்ந்தது. 1896இல் பள்ளிக்கூடங்களிலிருந்து ஹவாய் மொழி வெளியேறியது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டனை பெற்றார்கள். 1978இல் அம்மொழி அரசகரும மொழியாகத் திரும்பியது. 1984இல் 'மொழிக் கூடு' என்ற பெயரிற் பாலர் பள்ளி கவாயித் தீவிலே தொடங்கி, பாட்டன் மொழியைப் பேரனுக்கு ஊட்டியது. தாய்மொழிக்காகத் தவித்த இனத்தவராகிய நாம் இதைக் கேட்டுக் கண்கலங்காமல் இருக்க முடியுமா?

இங்கே நிலைமை வேறாயிருந்ததற்கு ஒரு பெரும் காரணம் ஆறுமுக நாவலர் அவர்கள். 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவி, அச்சியந்திரம் வைத்து, பிரசங்க மேடையேறிச் சைவத்தை நிலைநிறுத்தினார். கோயில்கள் நின்றன, புராணபடனம் நின்றது. ஆனால் பந்தி பற்றிய கேள்வி தீராமல் அடுத்த தலைமுறைகளுக்கு வந்தது. 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து தீண்டாமையைக் கண்டித்தபோது, அவரை அழைத்து வந்தவர்கள் அக்கால இளைஞர்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும் தேநீர்க் கடையிலே சிலருக்கு மூக்குப்பேணியும் சிலருக்குப் போத்தலும் சிரட்டையுமாகவே இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் வாசலில் நடந்ததை மறைத்துப் பேசுவது சைவத்துக்கு அழகன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாகப் பெயர்ந்தபோது, யார் வீட்டுக் கிணறு, யார் தந்த தண்ணீர் என்று எவரும் கேட்கவில்லை என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீடு திரும்பியபின் கேள்வியும் திரும்பி வந்தது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

ஹவாய் மக்கள் பந்தியைத் திருத்தப் புறப்பட்டுக் கோயிலையும் இழந்தார்கள். நாம் கோயிலைக் காத்தோம், பந்தியைத் திருத்தவில்லை. இரண்டையும் ஒருங்கே செய்ய முடியாதென்பதற்கு எந்த ஆகமத்தில் விதி இருக்கிறதோ நாம் அறியோம். கடல் கடந்து வந்த வெள்ளைக்கார இளைஞரைக் கொழும்புத்துறைக் குடிலில் இருத்திய பெருமையைப் பேசுகிறோம். மூன்றாம் ஒழுங்கையில் இருக்கும் நமது சொந்த மொழிக்காரரை எங்கே இருத்தினோம் என்று வெளியூர்ப் பிள்ளை ஒன்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

ஆதலால் ஆடிப்பிறப்பு ஏற்பாடுகளைப் பற்றிச் சங்கம் முடிவு செய்திருப்பவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

சமையல் முழுவதும் மரக்கறியே. ஹவாய் மக்கள் மண்ணிலே குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, வாழைத்தண்டும் இலையும் பரப்பி, கிழங்கை மூடி அவிப்பார்கள். இளைஞர் சிலர் அதையும் செய்து பார்க்க ஆசைப்பட்டார்கள். அவர்களுடைய கல் எரிமலைக் கல். நமது கல் சுண்ணாம்புக் கல். காய்ச்சினால் வெடிக்கும், நீறும். குழி வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். சேம்பை அண்டாவிலே அவித்து, உரலில் இடிப்போம். சேம்பு அரைவேக்காடாயின் தொண்டையைக் கரகரக்கச் செய்யும்; ஆகையால் இந்தப் பொறுப்பை அனுபவமுள்ள தாய்மாரிடம் ஒப்படைத்திருக்கிறோம், வாலிபர் கைவைக்க வேண்டாம். தேங்காய்ப்பாலும் சீனியும் கிழங்குமாவும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டுத் துண்டு போடும் 'ஹௌபியா' என்ற இனிப்பும் உண்டு. அவர்கள் 'பியா' என்னும் கிழங்கின் மாவைப் பாவித்தார்கள். நமக்குக் கூவைக்கிழங்கு மா போதும். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடலாமா என்று ஓர் அம்மா கேட்டார். நிறம் மாறும், குணம் கூடும், போடலாம். ஈரப்பலாக்காய் கிடைத்தாற் சுடுவோம், கிடைக்காவிட்டால் வற்றாளங்கிழங்கு.

ஆடிக்கூழ் நமது முறைப்படியே: பச்சையரிசி மா, பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாடியதைப் பிள்ளைகள் பாடுவார்கள். ஹாலோவாவின் கதையையும் பேலே அம்மையின் கதையையும் மேல்வகுப்பு மாணவிகள் இருவர் சொல்வார்கள். இளையான்குடிமாறர் வரலாற்றைப் பெரியவர் ஒருவர் சொல்வார்.

பானை ஒன்று. பந்தி ஒன்று. முற்றத்தில் வட்டமாகப் பாய் விரிக்கப்படும். வந்த ஒழுங்கிலே இருக்க வேண்டும். ஒருவருக்கும் தனிப் பாத்திரம் இல்லை, எல்லோருக்கும் பனையோலைப் பிளா. ஆக்குவோரும் பரிமாறுவோரும் எல்லா ஒழுங்கைகளிலுமிருந்து சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பெயர்ப்பட்டியல் வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வர விரும்பாதவர்கள் வராமலிருக்கலாம், அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. பட்டியலை மாற்றும்படி மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

பிளாக் கோலத் தெரிந்தவர்கள் ஊரிலே குறைந்துவிட்டார்கள். ஆடிப்பிறப்புக்கு முதல்நாட் பின்னேரம் நான்கு மணிக்கு அவர்கள் வாசிகசாலைக்கு வந்தால் இளைஞருக்குக் காட்டிக் கொடுக்கலாம். ஓலை வெட்டி வைக்கும் வேலை சங்கத்தினுடையது.